நாற்பத்தொரு இடம்

"ஓடிட்டிருந்த புரோகிராமை எதுக்கும்மா பிரிச்சுப் போட்டே?"

மேனேஜர் சுரேந்தர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால். நான்கு மணிக்குள் குண்டலுபேட்டைக்குப் போகும் புது வேனை, ஃபேக்டரி வண்டிகளை அனுப்பும் அந்தப் புரோகிராமில் சேர்க்காவிட்டால், நாளைக் காலை ஷிப்டுக்கு வர வேண்டிய முப்பது பேர் ரோட்டில் நிற்பார்கள். ஃபேக்டரிக்காரர் இரண்டு தடவை போனில் கத்தியாகிவிட்டது.

"பேகா, சீக்கிரமா சொல்லு அனுப்ரியா. கணேஷ்குமார் நாலு வருஷமா கட்டிக் காத்த புரோகிராம் கோடு இது."

பக்கத்து நாற்காலியில் கணேஷ்குமார் உட்கார்ந்திருந்தான். அதிர்ந்த போனை ஒருமுறை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான். சேர்ந்து எட்டே மாதமான பெண், ஒரு சீனியர் எழுதியதைக் கலைத்துப் போட்டால் யாருக்குத்தான் வலிக்காது?

"அதுல ஒரு வண்டி சேர்க்க நாற்பத்தொரு இடத்துல கை வைக்கணும் சார். சீட்டு ஒரு பக்கம், ரூட் ஒரு பக்கம், நேரம் இன்னொரு பக்கம். ஒண்ணு விட்டுப்போனாலும் வேன் வராது."

"அந்த நாற்பத்தொரு இடமும் அவனுக்குத் தெரியும்."

"அவருக்கு மட்டும்தானே தெரியும்?"

சுரேந்தருக்குச் சுருக்கென்றது. "ஓஹோ. அவன் வேலைக்கே உலை வைக்கிறியா?"

அனுப்ரியா கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப ஒவ்வொரு வண்டியும் தன் சங்கதியைத் தன்கிட்டயே வச்சிருக்கு சார். எத்தனை சீட்டு, எந்த ரூட், எப்பக் கிளம்பும்னு அந்த வண்டியையே கேட்டுக்கலாம். புது வண்டியை ஒரே இடத்துல எழுதினாப் போதும். நீங்களே எழுதுங்க."

"நான் கோடு தொட்டு ரெண்டு வருஷமாச்சு."

"அதனாலதான் சார்."

உதவிக்குக் கை நீட்டிய கணேஷ்குமாரை அவள் தடுத்தாள். "நீங்க தொடாதீங்கண்ணா."

சுரேந்தர் எரிச்சலோடு தட்டினார். பத்து வரிகூட ஆகவில்லை. ஓட்டிப் பார்த்தார். ரூட், நேரம், முப்பது பேருக்கும் சீட்டு, டிரைவருக்குப் போகும் மெசேஜ், எல்லாம் ஒழுங்காக வந்து நின்றது. மணி மூன்றரை.

நிம்மதியோடு கோபமும் சேர்ந்து வந்தது. "அப்போ இனிமே இவன் இங்க எதுக்கு?"

"இன்னைக்குத் தேவையில்ல சார்" என்றாள் அனுப்ரியா. "இவர் இல்லாம ஒரு வண்டிகூட சேர்க்க முடியாதுன்னு மூணு தடவை லீவைத் திருப்பி அனுப்பினீங்க. ஹனூர்ல இவருக்குப் பொண்ணு பொறந்து நாலு நாளாச்சு. இன்னும் போன்லதான் பார்த்துட்டிருக்காரு."