மூன்றாவது டிக்கெட்

“காசு வாங்கக் கூடாதுன்னு கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கு. இந்தம்மா வாங்கிப் பையில போடுறாங்க, பாருங்க.”

பக்கத்து சீட்டுக்காரரிடம் கிசுகிசுத்தார் ஆடிட்டர். முப்பது வருடமாகச் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர்.

ஒண்ணாம் தேதியிலிருந்து பஸ்ஸில் கார்டு, இல்லாவிட்டால் போன். சில்லறை செல்லாது. ஆனால் பெயின்டர் ஒருவர் நீட்டிய நாணயங்களை, கண்டக்டரம்மா சத்தமில்லாமல் தன் சொந்தக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்து, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண்ணிடமும் வாங்கினார்.

“கார்டு இல்லாதவங்க போல. பாவம்.”

“எல்லாக் கையாடலும் பாவத்துலதான் சார் ஆரம்பிக்கும்.”

மூன்று நாள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். சந்தேகமே இல்லை. புகார் எண்ணுக்குப் போன் போட்டார்.

மறுநாள் பாதி வழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார்.

“ஏம்மா, காசு வாங்குறீங்களாமே?”

கண்டக்டரம்மா முகம் சுண்டிப்போனது.

“வேலைக்கு நேரமாச்சுன்னு நிக்கிறாங்க சார். எப்படி இறக்கிவிடுறது? என் கார்டுல டிக்கெட் போட்டுட்டு அந்தக் காசை வாங்கிக்கறேன்.”

ஆடிட்டர் உதட்டைப் பிதுக்கினார். எத்தனை கதை கேட்டிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். “இன்னைக்கு உங்க கார்டுல மூணு டிக்கெட் போயிருக்கு. காசு கொடுத்தவங்க யார் யாரு?”

பெயின்டர் கை தூக்கினார். ஆஸ்பத்திரிப் பெண்ணும் தூக்கினாள். வேறு யாரும் தூக்கவில்லை.

“மூணாவது யாருக்கு?”

“அதை விடுங்க சார். அதுக்கு நான் காசே வாங்கலை.”

ஆடிட்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தே விட்டார்.

“விடாதீங்க சார். தில்லுமுல்லு அங்கதான் இருக்கும். டிக்கெட் நம்பரைப் படிங்க, ஆள் யாருன்னு தெரிஞ்சுடும்.”

இன்ஸ்பெக்டர் படித்தார். எல்லோரும் அவரவர் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார்கள். ஆடிட்டரும் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கண்டக்டரம்மா அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார்:

“உங்க போன்ல இருந்து பணம் வரலை சார். நாலு பேர் முன்னாடி சொன்னா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னுதான் நானே போட்டுட்டேன்.”