மக்களோடு மக்களாக

சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் இல்லை. காலர் கிழிந்து தொங்கியது, செருப்பு வாரை ஒரு ஊக்குதான் தாங்கிப் பிடித்திருந்தது. இலவச உணவுக்கூடத்தின் நீளப் பெஞ்சில் அவன் குறுகி உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தால் கல்லும் கரையும்.

கரையட்டும் என்றுதான் காலையில் பொத்தான்களை அவனே பிய்த்தெடுத்தான். கல்லூரியில் அவனுக்கு 'அரியர்' என்று பெயர். சமூக ஆய்வுத் தாளில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியவன்.

"மக்களோடு மக்களாப் போய் உட்காரு. யாருன்னு காட்டிக்காதே. நிஜமாப் பசிச்சு வந்த ஒருத்தரோட கதையைக் கொண்டு வா, இல்லேன்னா இந்தத் தடவையும் பெயில்தான்" என்று பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெயிலானால் கையில் இருக்கிற வேலை உத்தரவும் காற்றில் போகும்.

அரியர் அக்கம்பக்கம் நோட்டம் விட்டான். வலப்பக்கம் ஒரு அழுக்குச் சட்டைக்காரன், இடப்பக்கம் தலைவிரிகோலமாக ஒரு பெண். இருவருமே அவனை ஏக்கத்தோடு பார்த்தார்கள். பாவம், பேச ஆள் கிடைக்காத ஜீவன்கள் என்று நினைத்துக்கொண்டான்.

எதிரே இருந்த பெரியவர்தான் அவன் மனசை அள்ளினார். ஒரு வாரத் தாடி, ஒட்டுப் போட்ட கோட்டு, தட்டை வழித்து வழித்துச் சாப்பிடுகிற வேகம். அடடா, முதல் மதிப்பெண்ணே எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறது!

பையிலிருந்த போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு ஆரம்பித்தான்.

"ஐயா, உங்களுக்கு வீடு வாசல் இருக்கா, தினமும் இங்கதான் சாப்பிடுறீங்களா?"

"ரெண்டு கேள்வியை ஒண்ணாக் கேட்டா எதுக்குப்பா பதில் சொல்றது? ஒண்ணொண்ணாக் கேளு."

பசியிலும் மனுஷனுக்கு என்ன தெளிவு என்று அரியர் உருகிப்போனான்.

பெரியவர் கொட்டித் தீர்த்தார். மகன் துரத்திவிட்டான், மருமகள் கதவைச் சாத்தினாள், மழையில் பாலத்தடியில் படுத்தார். அரியர் வெளியே உச்சுக் கொட்டினான், உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"உன் கதை என்ன தம்பி?" என்று அவர் கேட்டதும் இவனும் குறை வைக்கவில்லை. ஊரில் குத்துக்கல்லாட்டம் இருக்கிற அப்பா அம்மாவை ஒரே மூச்சில் சாகடித்து, இல்லாத தங்கைகள் இரண்டு பேரை நடுத்தெருவில் நிறுத்தினான். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "உள்ள இடமே இல்லம்மா, கொஞ்சம் நில்லு" என்று காவலாளி தடுத்தார். அவளுக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் ஆட்கள் நின்றார்கள்.

பரிமாறுகிற அக்காவுக்குப் பொறுமை போயிற்று. கரண்டியால் பாத்திரத்தில் 'டங்'கென்று தட்டினாள்.

"ஆராய்ச்சி பண்ண வேஷம் போட்டுட்டு வந்திருக்கீங்களாமே, ஆபீஸ்ல இப்பத்தான் சொன்னாங்க. காலேஜ்ல படிக்கிறவங்க எல்லாரும் எந்திரிங்க! பசிச்சவங்க வெளிய நிக்கிறாங்க."

அரியர் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டான். எழுந்தால் குட்டு உடையும், பெரியவர் காறித் துப்புவார். வாசலில் குழந்தை வீறிட்டு அழுதது. சே, என்ன பிழைப்பு இது என்று அவனுக்கே அவமானமாக இருந்தது. மெல்ல எழுந்தான்.

அழுக்குச் சட்டைக்காரனும் எழுந்தான். தலைவிரிகோலமும் முடியை அள்ளி முடிந்துகொண்டே எழுந்தாள். பெஞ்சுகள் கிறீச்சிட, கூடம் மொத்தமும் எழுந்து நின்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் தரையைப் பார்த்தது.

பெரியவர் மட்டும் அசையவில்லை.

அரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடம் முழுக்கப் பொய் என்றாலும் இவர் ஒருத்தர் நிஜம். அதுவும் அவனுடைய ஆள். பாஸ்!

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒருத்தராவது பசிச்சு வந்தீங்களே! நல்லாச் சாப்பிடுங்க பெரியவரே" என்று இன்னொரு கரண்டி அள்ளினாள்.

பெரியவர் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"படிக்கிறவங்களைத்தானே எந்திரிக்கச் சொன்னே? நான் பாடம் நடத்துறவன்மா."