அவள் தரப்பு

"அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு என்னம்மா அவ்வளவு கோபம்?"

விளையாட்டுப் பக்க ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே, நிருபர் வேலை கேட்டு வந்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அறையில் மற்ற மேஜைகள் எல்லாம் காலி. ஒவ்வொருவராகக் குறைத்துக் குறைத்து, கடைசியில் விளையாட்டுப் பகுதி என்றால் அவர் ஒருத்தர்தான் என்றாகிவிட்டது. மதியச் சாப்பாட்டைக்கூடக் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டுப் பழகிவிட்டார். புதிதாக ஓர் ஆள் எடுக்க நிர்வாகம் தலையாட்டியதே பெரிய விஷயம்.

"ஏதாவது ஒரு மேட்சைப் பத்தி எழுதிட்டு வாங்க, பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவள் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

எழுத்தில் குறை சொல்ல இடமில்லை. படிக்கப் படிக்க ஆட்டம் கண்முன்னால் ஓடியது. கடைசிப் பகுதிதான் அவருக்கு உறுத்தியது.

"எல்லாரையும் பேர் போட்டு எழுதியிருக்கீங்க. ஜெயிச்ச டீம் கேப்டனுக்கு ஒரு பாராவே ஒதுக்கியிருக்கீங்க. இவளுக்கு மட்டும் வெறும் ஒன்பதாம் நம்பர். ஏன்?"

"அவ ஆடின லட்சணத்துக்கு நம்பரே போதும் சார்."

"பாத்தீங்களா? இதத்தான் சொல்றேன்." அவர் சத்தமாகப் படித்தார்: "'ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நேரம். கையில் இரண்டு ஃப்ரீ த்ரோ. யாரும் குறுக்கே வர முடியாத வாய்ப்பு. இரண்டையும் ஒன்பதாம் நம்பர் கோட்டை விட்டாள். கூடையைப் பார்க்க வேண்டியவள், நாளைக்குப் பேப்பரில் தன்னைப் பற்றி என்ன வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.' அவ மனசுக்குள்ள புகுந்து பாத்தீங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்புறம் இது. 'திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.' டீம் பஸ்ல நிருபர யாரும் ஏத்த மாட்டாங்கம்மா. என் காதுலயே பூ சுத்தாதீங்க."

"நடந்ததுதான் சார்."

"அந்தப் பொண்ண முன்னாடியே தெரியுமா?"

"சின்ன வயசுலேருந்து தெரியும்."

"அப்ப ஏதோ சண்டை."

"மேட்ச் முடிஞ்சதுலேருந்து அவ முகத்தப் பாக்கவே பிடிக்கல சார்."

ஆசிரியர் பெருமூச்சு விட்டார். நல்ல கை. காலையில்தான் பக்கத்து மேஜையில் கிடந்த பேப்பர் கட்டுகளை இறக்கிவைத்துத் தூசி தட்டியிருந்தார்.

"சொந்தப் பகையத் தீத்துக்கப் பத்திரிகையில இடம் கிடையாதும்மா."

"பகை இல்ல சார்." முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. "மறுநாள் கடையில இருந்த அத்தன பேப்பரையும் வாங்கிப் புரட்டினேன். ஒரு வரி இல்ல. உங்க பேப்பர்லயும் இல்ல. அத்தன பேரு உயிரக் கொடுத்து ஆடினது நடக்கவே நடக்காத மாதிரி ஆயிடுச்சு. திட்டியாவது யாராச்சும் எழுதியிருக்கலாம்."

அவருக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அந்த மேட்ச் செய்தி வரவேண்டிய இடத்தில் விளம்பரம் போட்டது அவர்தான். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"சரி. ஒருத்தர இப்படிக் கிழிச்சா, அவங்க தரப்பக் கேக்காம அச்சுக்கு அனுப்ப மாட்டேன். இப்பவே கேட்டுடலாம். இது பொய்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டா, உங்களுக்கு இங்க வேலை இல்ல. சம்மதமா?"

"இப்பவேவா சார்?" அவள் முகம் வெளிறியது.

மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தார். மேஜைத் தொலைபேசியில் தோற்ற அணியின் மேனேஜரைக் கூப்பிட்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ஒன்பதாம் நம்பர் பொண்ணா?" மேனேஜர் குரல் அறையில் கரகரத்தது. "நம்பர் தர்றேன் சார், ஆனா எடுக்க மாட்டா. அன்னைலேருந்து யாரு கூப்பிட்டாலும் எடுக்கல. பொண்ணுங்க வீடு தேடிப் போயும் கதவத் திறக்கல."

"பஸ்ல பக்கத்துல யாருமே உட்காரலையாமே?"

"எப்படி உட்கார்றது? எல்லாருக்கும் ஆசைதான் சார். அவ மூஞ்சி இருந்த இருப்பப் பாத்து பயந்துட்டோம். எங்க கேப்டன் பாவம், ரெண்டு தடவ எழுந்து போய்ட்டு, கூப்பிட வாய் வராம திரும்பி வந்துட்டா. அவள யாரும் ஒரு வார்த்தை குத்தம் சொல்லல. அதச் சொல்லலாம்னு பாத்தா, போன எடுத்தாத்தானே?"

நம்பரைக் குறித்துக்கொண்டு ஆசிரியர் நிமிர்ந்தார். "கேட்டீங்களா? இதான் விசாரிக்காம எழுதினா வர்ற வினை."

அவள் கண்கள் நிறைந்திருந்தன. வேலை போய்விட்டதே என்று அழுகிறாள் போலிருக்கிறது. அவருக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் விடாமல் அந்த எண்ணை அழுத்தினார்.

மணி போனது. அதே நேரம் அவள் பையிலிருந்தும் ஒரு பாட்டு கிளம்பியது.

"முக்கியமான கால் பேசும்போது உங்க போன அணைச்சு வைக்கக் கூடாதாம்மா?" என்று எரிந்து விழுந்தார்.

அவள் போனை வெளியே எடுத்தாள். அணைக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காதில் வைத்தாள்.

"சொல்லுங்க சார். ஒன்பதாம் நம்பர்தான் பேசறேன்."