கார்ட்டருக்கு எதிராக ஒரு பேச்சு

அஜின்கோர்ட் புறநகரில் உள்ள எங்கள் வீட்டின் சமையலறை மேசையில் மாலை வெயில் சரிந்து கிடக்கிறது. நாளை பள்ளிக்கூட விவாதப் போட்டிக்கு என் கணவர் றூபன் நடுவராகப் போகிறார். தனக்குப் பிடித்தவரை எதிர்த்துப் பேசினாலும் அப்பா நியாயமாகப் புள்ளி போடுவாரா என்று மகள் மெலனி சோதிக்கிறாள். அதனால்தான் முன்னாள் அமெரிக்க சனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு எதிராகப் பேசுகிறாள். பதவி போனபின் ஏழைகளுக்கு வீடு கட்டப் போன அந்த மனிதரைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லைக்கூட றூபன் பொறுத்ததில்லை. "முகத்தை உப்பிடி வச்சிருந்தா ஆர் உங்களை நடுவர் எண்டுவினம்?" "என்ர முகம் உப்பிடித்தான். நீ பேசு பிள்ளை." அவள் பேசுகிறாள். "கிழக்குத் திமோரில குண்டு போட்ட இந்தோனேசியாவுக்கு விமானம் வித்தது அவற்ற அரசாங்கம். பிறகு கட்டின வீடுகளில செத்த சனம் வந்து இருக்குமே, அப்பா?" புள்ளி போடும் றூபனின் பென்சில் நிற்கிறது. விமானக் குண்டுகளுக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் வளர்ந்தவர் அவர். கோபிப்பாரோ என்று நான் பார்க்கிறேன். அவர் மெதுவாக, பத்துக்கு ஒன்பது என்று எழுதுகிறார். "எனக்கு அந்த மனுசனை இப்பவும் பிடிக்கும். ஆனா உதுக்கு என்னட்டைப் பதில் இல்லை. நீதான் வெண்டனீ." மெலனி சிரிக்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இவர்கள் இருவரும் என்னுடைய ஆட்கள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கிறது.