சத்தமாப் படிடா!

"வாயில கொழுக்கட்டையா வெச்சிகினு கீறே? சத்தமாப் படிடா!"

சமையலறையிலிருந்து பூவம்மா போட்ட கூச்சலில் டில்லிபாபுவுக்கு மானமே போனது.

"எம்மா, இது இன்னா வாய்ப்பாடா, சத்தமாப் படிக்க? நெட்வொர்க்கும்மா. மனசுக்குள்ள படிச்சாதான் புரியும்."

"மனசுக்குள்ள நீ படிக்கிறியா, தூங்குறியான்னு எனக்கு எப்டித் தெரியும்? ம்... பக்க நம்பரச் சொல்லிட்டு ஆரம்பி."

பூவம்மா படித்தது நாலாங்கிளாஸ். மகன் படிப்பது சி.சி.என்.ஏ. கம்ப்யூட்டரையும் கம்ப்யூட்டரையும் கோத்துவிடுகிற வித்தை. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. இந்தப் பரீட்சையில் தேறினால் பெருங்குடியில் ஏ.சி. ரூமில் வேலை. தவறினால் மறுநாளே தன்னோடு ஹார்பருக்கு மூட்டை தூக்க வந்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ராயபுரத்தில் அவன் படிக்கும் சென்டரில் அதற்கென்று இருந்தது ஒரே ஒரு புத்தகம். ஒரு மாதத்தில் திருப்பித் தருவதாகக் கெஞ்சி முதல் ஆளாக வாங்கி வந்திருந்தான். தலையணை பருமன். முழுக்க இங்கிலீஷ்.

அதைத்தான் ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடி அதிர வாசிக்கச் சொல்கிறாள் அம்மா. அதுவும் எப்படி? சுவரைப் பார்த்து உட்கார்ந்து!

"ஃபேன் அந்தாண்ட கீதும்மா."

"படிக்கிற புள்ளைக்கு வேர்க்கணும். செவுத்தப் பாத்து ஒக்காந்தாதான் வேடிக்க பாக்க மாட்டே."

டில்லி தலையில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தான். "பக்கம் நூத்திப் பன்னெண்டு. எ ரௌட்டர் இஸ் எ டிவைஸ்..."

"இரு, இரு! பீச் ஸ்டேசன்ல ட்ரெயின புடிக்கிறவனாட்டம் ஓட்றே! மெதுவா, ரெண்டு தபா சொல்லு."

ரெண்டு தபா சொன்னான்.

"இப்ப அதையே தமிள்ல சொல்லு."

"உனக்கு எதுக்கும்மா அது?"

"தமிள்ல சொல்ல வரலேன்னா உனக்கே பிரிலேன்னு அர்த்தம்."

சொன்னான். சொல்லும்போதுதான் அவனுக்கே புரிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

படம் வந்துவிட்டால் இன்னும் கொடுமை.

"இன்னா நிறுத்திட்டே?"

"படம் போட்டுக்கீதும்மா."

"இன்னா படம்?"

"இந்தாண்ட மூணு டப்பா, அந்தாண்ட மூணு டப்பா, நடுவுல ஒரு பெரிய டப்பா. எல்லாத்துக்கும் ஒயரு."

"டப்பா மேல இன்னா எளுதிக்கீது? அத்தையும் படி. முழுங்காதே!"

கீழ்வீட்டு யேசுதாஸ் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா பூவம்மா, வூட்ல ரேடியோ ஸ்டேசன் வெச்சிகினியா? ஐபி அட்ரஸு, ஐபி அட்ரஸுன்னு காது ரெண்டும் ரொம்பிப் போச்சு. என் வூட்டு அட்ரஸே மறந்துடும் போலக்கீது."

"ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கோண்ணே. புள்ள கரையேறணும்."

"அவன் கரையேர்றதுக்குள்ள நான் கல்லறைக்குப் போய்ச் சேந்துருவேன்!"

மொத்த பிளாக்கும் புலம்பியது. வாய் திறக்காத வீடு ஒன்றே ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஷரீஃபுன்னிசா வீடு. குழாயடியில் யார் குடம் முதலில் என்று முட்டிக்கொண்டதிலிருந்து அவளுக்கும் பூவம்மாவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது.

அவள் மகள் மெஹ்னாஸும் டில்லியோடு அதே சென்டரில், அதே பரீட்சைக்குத்தான் படித்தாள். புத்தகம் அவன் கைக்கு வந்த அன்றைக்கே மாடிப்படியில் நிறுத்திக் கேட்டிருந்தாள்.

"ரெண்டே நாள் குடு டில்லி. நோட்ஸ் எடுத்துகினு குடுத்துடுறேன்."

டில்லிக்குக் கொடுக்க மனசில்லை. கம்பெனியில் எத்தனை பேரை எடுப்பார்களோ, யார் கண்டது? சென்டரில் அவனைவிட நன்றாகப் படிக்கிறவள் வேறு.

"எனக்கு ஒண்ணும் இல்ல மெஹ்னாஸ். ஆனா எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சுடும். உங்க வூட்டுப் பேர எடுத்தாலே அதுக்கு ஆவாது" என்று பழியைத் தூக்கி அம்மா தலையில் போட்டுவிட்டு நழுவினான்.

பாவம், என்ன செய்வாள் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் மறுநாளிலிருந்து அம்மா வைத்துக்கொண்ட கச்சேரியில் அவனுக்குத் தன்னைப் பற்றிக் கவலைப்படவே நேரம் போதவில்லை.

ஒரு மாதம் ஓடியது. எழும்பூரில் பரீட்சை. கடைசிக் கேள்விக்குப் பதிலைத் தட்டிய அடுத்த நிமிஷம் கம்ப்யூட்டரே முடிவைச் சொல்லிவிட்டது. பாஸ்!

ஹார்பர் மூட்டை இறங்கிய சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு வெளியே வந்தால், வராந்தாவில் மெஹ்னாஸ்.

"நானும் பாஸு டில்லி! தொள்ளாயிரத்து நாப்பது. நீ?"

"எண்... எண்ணூத்தி எழுவது." டில்லிக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நீ எப்டி? உன்னாண்ட புக்கே இல்லியே!"

மெஹ்னாஸ் சிரித்தாள்.

"அன்னிக்கு நீ படிக்கட்டுல உங்கம்மாவப் பத்திச் சொன்னே பாரு, அப்ப உங்கம்மா தண்ணிக் கொடத்தோட கீழ்ப்படியில நின்னுகினு இருந்தாங்க. நீ போனதும் என்னாண்ட வந்து சொன்னாங்க: 'நாளைலேந்து நோட்டும் பேனாவும் எடுத்துகினு செவுத்தாண்ட ஒக்காரு கண்ணு. என் புள்ள சத்தமாப் படிப்பான். உங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு வுட்டுடாதே... அவளோட நான் இன்னும் சண்டதான்!'"