திறந்து கிடந்த சர்வர்

"அத மட்டும் மூட வேண்டாமுங்க அம்மணி" என்றார் திருமூர்த்தி.

லோகப்பிரியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டாக்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, ஊசி வேண்டாம் என்றால் எப்படி?

தொண்ணூற்றெட்டில் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருந்த கம்பெனிகளே குறைவு. பீளமேட்டில் இருந்த திருமூர்த்தியின் பம்ப்செட் கம்பெனி அதில் ஒன்று. சில நாளாக அதிலிருந்து எந்த மெயிலும் வெளிநாடு போய்ச் சேரவில்லை. ஜெர்மனிக்கு ஒரு கொட்டேஷன் போயாக வேண்டும், இன்றுதான் கடைசி நாள், உடனே வந்து சரிசெய்து கொடுங்கள் என்று காலையில், கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கும் அவளுக்குப் போன் செய்து தவித்தவர் இவரேதான்.

வந்தவள் கோளாறைச் சீக்கிரமே பிடித்துவிட்டாள். வெளியாள் யார் வேண்டுமானாலும் தன் வழியாக மெயில் அனுப்பிக்கொள்ளட்டும் என்று சர்வர் திறந்து கிடந்தது. எங்கிருந்தோ ஒரு விளம்பரக்காரன் அதைக் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கில் குப்பை மெயிலாக அனுப்பித் தள்ளிவிட்டான். குப்பை வருவது இங்கிருந்துதான் என்று வெளிநாட்டு சர்வர்கள் இந்தக் கம்பெனியையே ஒதுக்கி வைத்துவிட்டன.

வெளியாட்களுக்கு மூடினால் தீர்ந்தது. அதைத்தான் வேண்டாம் என்கிறார்.

காரணம் கேட்டால் மழுப்பினார். அவளே சர்வரைத் துழாவிப் பார்த்தாள். குப்பையைக் கழித்துவிட்டால், வெளியிலிருந்து தினமும் வந்து போன மெயில்கள் ஒரே ஒருவருடையவை. அடுத்த காம்பவுண்டு சீனிவாசலு. அவருக்கும் பம்ப்செட் தொழில்தான். ஒரே ஆர்டருக்கு இரண்டு பேரும் முட்டிக்கொள்வது ஊருக்கே தெரியும்.

ஓகோ, சங்கதி இதுதானா என்று நினைத்துக்கொண்டாள். போட்டிக்காரரின் மெயில் இவர் கை வழியாகப் போகிறது. பிரித்துப் பார்த்து, அவர் போட்ட விலையைவிடக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் ஆர்டர் இவருக்கு. பெரிய மனுஷர், நெற்றி நிறைய விபூதி வேறு.

"அவரு மெயில் இங்க வந்து போறது அவருக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டே விட்டாள்.

"தெரியாம என்னங்க. அவருகிட்ட சர்வர் இல்ல. நம்மளுது சும்மாதான இருக்குது, இது வழியா அனுப்பிக்குங்கன்னு நாந்தான் சொன்னேன்."

நம்பி மோசம் போன சீனிவாசலுவை நினைத்துப் பாவமாக இருந்தது. இருந்தாலும் வந்த வேலையைப் பார்க்க வேண்டுமே. மற்ற எல்லாருக்கும் மூடிவிட்டு, சீனிவாசலுவுக்கு மட்டும் வழி விடலாம் என்று சொன்னாள். உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. அது அவளுடைய எரிச்சலை இன்னும் கிளப்பியது.

சொன்னபடியே செய்தாள். ஓட்டையை அடைத்தாயிற்று, தடையை நீக்குங்கள் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கும் எழுதினாள். மத்தியானத்துக்கு மேல் அவர்கள் நீக்கினார்கள். தேங்கி நின்ற ஜெர்மனி மெயில் ஒருவழியாகப் புறப்பட்டது.

"போய்ச் சேந்துருச்சுங்க" என்றாள்.

திருமூர்த்தி பெருமூச்சு விட்டார். தானே எழுந்துபோய் அவளுக்கு டீ எடுத்து வந்தார்.

அப்போதுதான் அந்த மெயிலை அனுப்பியவர் பெயரைக் கவனித்தாள். சீனிவாசலு. ஜெர்மனிக்குப் போக வேண்டிய வேறு மெயில் எதுவும் அங்கே இல்லை.

"ஏனுங்க, இது அவரோட கொட்டேஷனாச்சே. உங்களுது எங்கீங்க?"

"நம்மளுது போன வாரமே, சர்வர் நல்லா இருக்கறப்பவே போயிருச்சுங்க அம்மணி."

லோகப்பிரியாவுக்குத் தான் நினைத்ததை நினைத்துக் கூச்சமாகிவிட்டது. டீயை நீட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"நம்மள நம்பிக் குடுத்தவரோடதுதான் நின்னுபோச்சு. அது போகாம ஆர்டர் நமக்கு வந்தா, ஒடம்புல ஒட்டுமுங்களா?"