பீரங்கி மேட்டில் அடப்பங்கொடி

காய்ந்த தண்டுகளை அள்ளிப்போடக் கொண்டுவந்த கோணிப்பையை விரிக்காமலே நின்றாள் கேசியா.

பழைய கோட்டையின் பீரங்கி மேட்டிலிருந்து கடல்வரை ஒரே ஊதாப் பூ.

வெள்ளைக்காரனின் சிப்பாய்கள் அணிவகுத்த மைதானம் அது. அவர்கள் போனபின் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியது. அகழி மூடிப்போனது, மதில் இடுப்பளவுக்குக் குறைந்தது.

மணலைப் பிடித்து நிறுத்த அடப்பங்கொடி நடுவதுதான் கேசியாவின் வேலை. மூன்று வருடம் நட்டாள். மூன்று வருடமும் கருகியது.

அவள் காதலிக்கும் சுதீரின் அப்பா ஆதிநாராயணனுக்குச் சத்தியவேட்டில் மாந்தோப்பு. சித்தூர் கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணை மகன் கட்டிக்கொள்வதில் அவருக்கு இஷ்டமில்லை. முகத்துக்கு நேரே மறுக்கவும் மனமில்லை. போன தையில் மகனோடு கோட்டைக்கு வந்தவர், சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இந்த மணல்ல ஒரு பூ பூக்கட்டும்மா. அன்னிக்கே வந்து உங்க நைனாகிட்ட பொண்ணு கேக்கறேன்.”

சுதீர் தலையைக் குனிந்துகொண்டான். கேசியா குனியவில்லை. மறுநாளே நானூறு தண்டு நட்டாள்.

சித்திரையில் அவளுடைய நைனா மாடிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இரண்டு மாதம் அவளால் சித்தூரை விட்டு அசைய முடியவில்லை. கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இளங்கொடி என்னவாகும் என்று அவளுக்குத் தெரியாதா?

ஆனால் இதோ, பூ.

குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு வேரைச் சுற்றியும் அரைவட்டமாகப் பாத்தி. கடற்கரையில் யார் மணலுக்குப் பாத்தி கட்டுவார்கள்? ஆடு நுழையாமல் முள்வேலி வேறு. கயிற்றுக்குப் பதில், தோப்பில் போடும் சொட்டுநீர்க் குழாயைக் கிழித்துக் கட்டியிருந்தது.

யாராயிருந்தாலும் நன்றியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். போனை எடுத்து ஆதிநாராயணனைக் கூப்பிட்டாள்.

இத்தனை நாள் ‘சார்’ என்றவள் முதன்முறையாக, “மாமா, பூத்துடுச்சு” என்றாள்.

மறுமுனையில் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம்.

“தெரியும்மா. பாத்திய மட்டும் மிதிச்சிடாத. நான் சித்தூர்லதான் கீறேன், உங்க நைனாவோட காபி குடிச்சிக்கினு.”